உளுந்துக்கு ஒரு மேடு, அரிசிக்கு ஒரு மேடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. முப்பத்தொன்பது வருஷமாக இட்லி தின்று வளர்ந்த உடம்பு இது. எங்கள் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் கிரைண்டர் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் நான் பேப்பரே படிப்பேன். அப்பேர்ப்பட்டவன், ஒரு கிரைண்டர் ஓடுவதை இயந்திரம் கோடாக வரைந்து கையில் கொடுத்தபோது, அதைப் பேய் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருந்தால் என்னோடு போயிருக்கும். படம் போட்டுப் பெயர் வைத்து, ஒரு வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி செய்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு பெண்ணின் மாவு வியாபாரம் நின்றுபோனது.

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் எனக்கு எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை. ஏசி குளிரவில்லை என்றால் ஒரு கூட்டம் திட்டும், குளிர்ந்துவிட்டால் இன்னொரு கூட்டம் திட்டும். நடுவில் நின்று இரண்டையும் வாங்கிக்கொள்வதற்குத்தான் சம்பளம். போன வருஷம் மேலதிகாரி கூப்பிட்டார். கட்டடங்களில் மின்சாரம் எங்கே எப்படி வீணாகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கல்லூரியில் படிப்பு ஆரம்பித்திருக்கிறார்கள், சனி ஞாயிறு வகுப்பு, கம்பெனியே அனுப்புகிறது, தேறினால் எனர்ஜி மேனேஜர் என்று மேஜையில் பலகை வைத்துக்கொள்ளலாம் என்றார். படிப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பலகை மரத்திலா, பித்தளையிலா என்றுதான் கேட்டேன்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. முதல் நாளே எனக்கு 'அங்கிள்' என்று பெயர் விழுந்தது. அங்கிள் என்றால் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விடவேண்டும், அல்லது ஜோக் அடிக்கவேண்டும். கொட்டாவி எனக்கு வராது. கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்து ஜோக் அடித்தால் யார் யார் சிரித்தார்கள் என்று எண்ண முடியாது பாருங்கள்.

முதல் மாதத்திலேயே என் பெயர் கல்லூரி முழுக்கப் பரவியது. வெளிச்சத்தை அளக்கிற மீட்டரைக் கையில் கொடுத்து, மேஜை மேஜையாக அளந்துவரச் சொன்னார் டீச்சர். நான் அளந்த மேஜைகள் எல்லாமே இருட்டாக இருந்தன. லைப்ரரியில் பாதி விளக்குகள் பழுது என்று ஆணித்தரமாக எழுதிக் கொடுத்தேன். டீச்சர் வந்து பார்த்தார். நான் மீட்டரின் மேல் குனிந்து நின்று என் தலையின் நிழலை அளந்திருக்கிறேன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால், இவருடைய தலைக்குள் வெளிச்சம் எவ்வளவு என்பது இப்போது தெரிந்துவிட்டது என்று வரும். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். என்னை வைத்து யாராவது சிரித்தால் அதில் நானும் பங்கு வாங்கிக்கொள்வது சின்ன வயசிலிருந்தே பழக்கம். அதில் வலி குறைவு.

இரண்டாம் பருவத்தில் ஜோடிக்கொரு கட்டடம். இரண்டிரண்டு பேராகப் போய், ஒரு வாரத்துக்குக் குறையாமல் மின்சாரத்தைப் பதிவு செய்து, அறிக்கை எழுதி, கட்டடத்துக்காரர்களையும் அழைத்து வகுப்பில் விளக்கவேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் நெய்யாற்றின்கரைப் பெண். வகுப்பிலேயே என்னை அங்கிள் என்று கூப்பிடாமல், இரக்கப்பட்டு, அண்ணன் என்கிற அர்த்தத்தில் 'சேட்டா' என்று கூப்பிட்ட ஒரே ஜீவன். எங்களுக்குக் கிடைத்தது கழக்கூட்டம் பைபாஸிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நாலு மாடி அடுக்குவீடு. பெரும்பாலும் ஐடி பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிற இடம். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் ராத்திரிதான் திரும்புவார்கள். பகலில் அந்தக் கட்டடத்தில் சத்தம் போடுவது லிப்ட் மட்டும்தான்.

போகுமுன் டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார். எத்தனை விளக்கு, எத்தனை பம்பு, எத்தனை மணி நேரம் என்று நான்கு பக்கம். கடைசியில் ஒரு வரி: பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டறிந்தீர்களா, ஆம் அல்லது இல்லை. மீட்டர் எவ்வளவு என்று சொல்லும், எதற்கு என்று சொல்லாது, அதனால் இந்த வரியை விட்டுவிடாதீர்கள் என்றாராம். 'என்றாராம்' என்று எழுதுவதற்குக் காரணம், அந்த நேரத்தில் நான் பக்கத்துப் பையனுக்கு டீச்சர் மாதிரி பேசிக்காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஜோடிதான் எனக்குச் சொன்னாள்.

அந்தக் கட்டடத்தில் மாடிப்படி கூட்டித் துடைக்கிற ஒரு அக்கா இருந்தார். மார்த்தாண்டத்துப் பக்கம். புருஷனுக்குக் கொத்தனார் வேலை. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்கு அடுத்த அறையில்தான் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். படிக்கு அடியில் இருந்த மின்பெட்டியைத் திறந்து, கம்பிகளைக் கவ்வுகிற கிளாம்பை மாட்டி, பதிவுப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தோம். நான் ஜோடியிடம் ஏதோ சொன்னதில் தமிழ் கேட்டிருக்கிறது. நீங்க தமிழோ என்று கேட்டு, உள்ளே போய் பால் இல்லாத கட்டன் சாயா இரண்டோடு வந்தார். வலியசாலை அக்கிரகாரம் என்றேன். அது தமிழ்தானே என்று அவரே முடிவு செய்துகொண்டு, அந்த நிமிஷத்திலிருந்து என்னைத் தம்பி ஆக்கிவிட்டார்.

பெட்டியில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குள்ள எல்லாம் தெரியுமோ தம்பி?"

"எல்லாம் தெரியும் அக்கா. யாரு எப்ப குளிக்கிறாங்கன்னு கூடத் தெரியும்."

"அப்ப நான் என்ன செய்யுதேன்னும் தெரியுமோ?"

"தெரிஞ்சா வந்து சொல்றேன்."

ஜோடி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தமாதிரி இருந்தது. நான் அதற்குள் அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அந்தப் பெண் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் அக்கா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். படிவத்தின் கடைசி வரியும் அதைத்தான் கேட்டது.

அன்றைக்கே பம்பு அறைக்கும் போனோம். ஜோடி பம்பின் தகட்டில் எழுதியிருந்ததை டார்ச் அடித்துக் குறித்துக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே கரப்பான் இருந்தது என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். மூலையில் பூப்போட்ட பழைய பெட்ஷீட்டால் எதையோ மூடி வைத்திருந்தார்கள். இரும்புக் கால் தெரிந்தது, பெல்ட் கவசம் தெரிந்தது. 'பழைய மோட்டார் ஒன்று, பயன்பாட்டில் இல்லை' என்று நானே என் கையால் எழுதினேன். போர்வையை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பதினொரு நாள் கழித்துப் பெட்டியைக் கழற்றி வந்து கம்ப்யூட்டரில் போட்டோம். அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். லிப்ட் ஊசி ஊசியாகக் குத்தியிருந்தது. பம்பு காலையில் பெட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. விளக்குகள் சாயங்காலம் படி ஏறி, விடிந்ததும் இறங்கின. எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள். பிற்பகல் இரண்டரை மணிக்கு மட்டும், கட்டடத்தில் ஒரு ஆளும் இல்லாத நேரத்தில், பம்பு அறைக்குப் போகும் லைனில் இரண்டு மேடுகள். முதலில் ஒரு சின்ன மேடு, அரை மணிக்குக் கிட்ட. கொஞ்சம் இடைவெளி. பிறகு நீளமாக இன்னொன்று, ஆரம்பத்தில் முரட்டுத்தனமாக நடுங்கி, போகப்போக அடங்கி மழமழவென்று ஆகிறது. தினம் இதே கதை. சனிக்கிழமை இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

நான் மூன்று காரணம் யோசித்தேன். பம்பின் கெபாசிட்டர் பழுது, எங்கோ கம்பியில் கசிவு, அல்லது பக்கத்து வீட்டுக்காரன் கொக்கி போட்டிருக்கிறான். கெபாசிட்டர் பழுதுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழக்கம் உண்டா என்று மட்டும் யோசிக்கவில்லை.

சேட்டா, அந்தச் சேச்சியிடம் கேட்டுவிடலாமே, அங்கேயேதானே இருக்கிறார்கள் என்று ஜோடி இரண்டு தடவை சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். கேட்டால் விடை வந்துவிடும். விடை வந்துவிட்டால் வேடிக்கை போய்விடும். அதற்குள் என் மண்டையில் ஒரு படம் தயாராகிவிட்டிருந்தது: பம்பு அறையிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஒரு பேய் எட்டிப்பார்க்கிறது, கையில் பிளக். தலைப்பு, 'இரண்டரை மணிப் பேய்'. வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பேய்க்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தக் கட்டடத்துக்கு ஒருநாள் போய் ஒரு பெண்ணிடம் பேச எனக்கு நேரம் இருக்கவில்லை. அன்று ராத்திரியே படிவத்தின் கடைசி வரியில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு. அடுக்குவீட்டுச் சங்கத்தின் செயலாளர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றவர், சட்டைப்பையில் இரண்டு பேனா, பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜோடி அவளுடைய பகுதியை முதலில் சொன்னாள். மேல் தொட்டி நிரம்பிய பிறகும் பம்பு நிற்காமல் ஓடுகிறது, தண்ணீரும் மின்சாரமும் தினம் வழிகின்றன, மிதவையை மாற்றினாலே போதும் என்பது அவள் கண்டுபிடித்தது. அந்தக் கட்டடத்தின் உண்மையான திருட்டு அதுதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அங்கிள் எழுந்திருக்கப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேய் திரையில் வந்ததும் வகுப்பு குலுங்கியது. மீசையும் வைத்துவிட்டிருந்தேன். இந்தப் பேய் கட்டுப்பாடான பேய், மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை லீவு, பெரும்பாலும் அரசாங்கப் பேயாக இருக்கலாம் என்றேன். ஒருத்தன் பெஞ்சைத் தட்டினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரிப்பு ஒரே இடத்தில் கிடைத்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார், அங்கே இருப்பவர்களிடம் விசாரித்தீர்களா என்று. ஜோடி என்னைப் பார்த்தாள். விசாரித்தோம், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. செயலாளர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து, பம்பு அறை, இரண்டரை மணி என்று குறித்துக்கொண்டார். குறிப்பு எடுக்கிற அளவுக்கு என் ஜோக் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெற்றிவீரன் மாதிரி லேப்டாப்பைச் சமையலறை மேடையிலேயே விரித்து வைத்தேன். பேயை மனைவிக்குக் காட்டவேண்டும். பேய்க்கு முந்தின பக்கத்தில் அந்தக் கோடு இருந்தது. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது உளுந்து," என்றாள், சின்ன மேட்டைக் காட்டி. "இது அரிசி. மொதல்ல கரகரன்னு இழுக்கும், அப்பறம் அடங்கிடும். சனிக்கெழம ரெண்டு ஈடு போட்டிருக்கா. மாவு விக்கறவாளா இருக்கும்."

அடுத்த பக்கத்துக்குப் போக நீட்டிய விரலை நான் எடுத்துக்கொண்டேன்.

"ஏன்னா, இதுக்கா காலேஜ் போறேள்?"

பேயைக் காட்டாமல் லேப்டாப்பை மூடினேன். கழக்கூட்டத்தில் ஐடி பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு வீட்டில் அரைத்து விற்கிற மாவு வாங்குவது எனக்குத் தெரியும். எங்கள் ஆபீசிலேயே இரண்டு பேர் சனிக்கிழமைதோறும் மாவுப் பாக்கெட் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பூப்போட்ட பெட்ஷீட் ஞாபகம் வந்தது. பெல்ட் கவசம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும், செயலாளர் என்ன, பெரிய மனுஷர், ஒரு ஜோக்கைப் போய் சீரியஸாக எடுத்துக்கொள்வாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதையும் எழுதிவிடவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஜோடி போன் செய்தாள். மிதவை விஷயமாக அவள் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். திங்கட்கிழமை சரியாக இரண்டரைக்குச் செயலாளர் எலெக்ட்ரீஷியனோடு பம்பு அறைக்கு இறங்கி வந்திருக்கிறார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பிளக் பாயிண்டையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சங்கத்து மின்சாரத்தைத் திருடியதற்குக் கல்லூரி கொடுத்த ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

மீதியை அவள் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள். இதற்கு முன்னால் இருந்த செயலாளர்தான் அந்தப் பிளக்கைப் போட்டுக் கொடுத்தவர். அக்கா மாதம் ஒருமுறை மேல் தொட்டியைக் கழுவவேண்டும், வாரம் ஒருநாள் வாகனம் நிறுத்துகிற இடம் முழுக்கக் கழுவிவிடவேண்டும், அதற்குக் கூலி கிடையாது, பதிலுக்கு அரைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஆபீஸ் போயிருக்கிற நேரத்தில் மட்டும், சத்தம் யாருக்கும் தொந்தரவில்லாமல். வாய்ப்பேச்சு. அந்தச் செயலாளர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். புதியவருக்கு யாரும் சொல்லவில்லை.

"சேட்டா," என்றாள் கடைசியில், "கேட்க ரெண்டு மினிட்தான் ஆச்சு."

அன்று வேலை முடிந்து நேரே அங்கே போனேன். அக்கா ஜெனரேட்டர் பக்கத்துத் தரையில் பழைய வேட்டியை விரித்து, ஊறிய அரிசியை வடித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். புளித்துப்போகாமல் காயவைத்தால் புட்டுக்காவது ஆகும். உளுந்துக்கு அந்த வழியில்லை. ஒரு வாளியில் நுரைகட்டிக் கிடந்தது. கட்டன் சாயா என்று ஒன்று இருப்பதாகவே அன்றைக்கு யாரும் காட்டிக்கொள்ளவில்லை. நான் குனிந்து அரிசியைப் பரப்ப உதவுவது மாதிரி கையை நீட்டினேன். அவர் வேட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"நான் கரண்டு திருடுதேன்னு காலேஜ்ல இருந்து எழுதிக் குடுத்தாங்களாம் சார்."

தம்பி போய்விட்டது என்பது அப்போது உறைத்தது.

"திருட்டுன்னு நாங்க எழுதல அக்கா."

"பேய்னு எழுதினீங்களாம்."

 எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிறவன் நான். எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்களைக்கூடச் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கிறேன். அன்றோ, செயலாளரிடம் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்து எறிந்தார். மாவு வாங்குகிற பிள்ளைகள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இந்த வாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு வாரம் இல்லையென்றால் கடைப் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள் என்று, என்னிடம் சொல்வதாக இல்லாமல், அரிசியிடம் சொன்னார்.

மறுநாள் செயலாளரைப் பார்த்தேன். மிகவும் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். முன்னால் அனுமதி இருந்தது என்றேன். பிறகு உள்ளே போய் ஒரு கோப்பு எடுத்துவந்தார். எங்கள் அறிக்கை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்தார். பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டறிந்தது, ஆம். பக்கத்தில் என் கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு. இது உங்களுடையதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது கேட்டபோது அவர்கள் அனுமதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறார்கள், இல்லையா என்றார். எனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, படித்தவர்கள் எழுதியதை நம்பினேன் என்றும் சொன்னார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

அந்த இடத்தில் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் கேட்கவில்லை, பொய்யாக டிக் போட்டேன். ஏழெட்டு வார்த்தை கூட இல்லை. சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார், அப்படிப்பட்ட மனுஷர்தான். ஆனால் அதைச் சொன்னால் அது கல்லூரிக்குப் போகும். மதிப்பெண் பட்டியல் இன்னும் வரவில்லை. மேஜைப் பலகை கண்முன்னால் வந்தது, பித்தளைதான் என்று மேலதிகாரி உறுதி சொல்லியிருந்தார். சரி சார், யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த மூன்று வாரத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் விஷயம். என் ஆபீசிலிருந்து அந்தக் கட்டடம் நடந்துபோகிற தூரம். நான் பைபாஸ் வழியாகச் சுற்றிப் போய் பஸ் ஏறினேன். ஜோடி கேட்டாள், பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மனைவி கேட்டாள், அதெல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவள் உளுந்து அரைக்கிற நாட்களில் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். வகுப்பில் பிள்ளைகள் 'அங்கிள், பேய் எப்படி இருக்கு' என்று கேட்பார்கள். நலம் என்று சொல்வேன். சொல்லிவிட்டுச் சிரிப்பேன் வேறு.

பட்டியல் வந்தது. தேறிவிட்டேன், மோசமில்லாத மதிப்பெண். அன்றைக்கு மத்தியானமே தைரியம் வந்துவிட்டது. இழக்க ஒன்றும் இல்லாதபோது வருகிற தைரியத்துக்கு வேறு ஏதாவது பெயர் இருக்கவேண்டும். நேரே டீச்சர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கவில்லை, கேட்டதாக எழுதினேன், உங்கள் முன்னாலும் பொய் சொன்னேன், அதனால் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மார்க் வந்ததுக்குப் பின்னாலே, இல்லையா?" என்றார், எனக்கு உறைக்கவேண்டும் என்று தமிழிலேயே.  

மதிப்பெண்ணை என்ன செய்வது என்பதைத் துறை முடிவு செய்யும், அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் திருத்தம் எழுதுங்கள் என்றார். துறை பிற்பாடு அந்தப் பகுதியின் மதிப்பெண்ணை எடுத்துவிட்டது. தேர்ச்சி போகவில்லை, தலை மட்டும் தாழ்ந்தது. திருத்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். முதல் வடிவத்தில் ஒரு ஜோக் இருந்தது, என்னைப் பற்றியதுதான். ஜோடி அதைப் படித்துவிட்டு, அந்த வரியின் மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் நின்றது நாலே வரி. அறிக்கையில் குறிப்பிட்ட பயன்பாடு சங்கத்தின் முந்தைய செயலாளர் அனுமதித்தது. இதைப் பற்றி நாங்கள் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்ததாக எழுதியது என்னுடைய பொய். தொட்டி வழிவதால் ஆகும் வீணடிப்பு இதைவிடப் பெரியது.

டீச்சர் அதில் கையெழுத்திட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். செயலாளர் நின்றபடியே படித்தார். மூன்றாவது வரியில் கொஞ்சம் நின்றார். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்திருக்கிறார். மிதவையை உடனே மாற்றுவது, பம்பு அறையில் பிளக்கைத் திரும்பப் போட்டு அதற்கெனத் தனியாக ஒரு மீட்டர் வைப்பது, அந்த அக்காவிடம் நேரில் வருத்தம் தெரிவிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். மாவு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் கூட்டத்துக்கு வந்து பேசினார்களாம். செயலாளரே எனக்குப் போனில் சொன்னார். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், சொல்லவேண்டியவர் நீங்கள்தான் என்று முடித்தார்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு முன்னால் அங்கே போனேன். பைபாஸ் சுற்றாமல், நேர் வழியில். செயலாளர் அனுப்பிய தீர்மானத்தின் நகல் போனில் இருந்தது. மனசு லேசாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தேன். எங்கே மன்னிப்பு, எங்கே நல்ல செய்தி, கடைசியில் எங்கே ஒரு சின்ன வேடிக்கை என்று வரிசைகூடப் போட்டுவிட்டேன்.

அக்கா மூன்றாவது மாடிப் படியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு படி கீழே நின்றேன். நின்றபடியே ஆரம்பித்தேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அன்றைக்கு நீங்களே கேட்டீர்கள், நான்தான் காது கொடுக்கவில்லை என்றேன். பொய் எழுதியதைக் கல்லூரியிலும் சங்கத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள் என்றேன். நாளைக்கே பிளக் போட்டுவிடுவார்கள், தனி மீட்டர், உங்கள் பெயரில், எத்தனை ஈடு வேண்டுமானாலும் அரைக்கலாம், பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். துணியை வாளியில் முக்கினார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தயார் செய்து வைத்திருந்த வேடிக்கையையும் அவிழ்த்தேன். மொதல் பாக்கெட் எனக்குத்தான் அக்கா, வீட்ல மூணு வாரமா எனக்கு யாரும் இட்லியே போடறதில்ல என்றேன்.

அவர் துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் எல்லாம் வடிகிறவரை பிழிந்தார். பிறகு அடுத்த படியில் அதைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"கிரைண்டர வித்தாச்சு சார்."